மலைச் சைக்கிள்: வில்லும் தடையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்

சைக்கிளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று இவ்விதழைப் புரட்டும் நண்பர்கள் எண்ணக்கூடும். நம்மில் பலர் பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய சைக்கிளில்தான் பள்ளிக்குச் சென்றோம். செயின் கழன்றால் மாட்டவும், வால்டியூப் கிழிந்தால் மாற்றவும் நமக்குத் தெரியும். நான் இங்கு எழுத விழைவது வேறொரு வகைச் சைக்கிளைப் பற்றி. முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் தனித்தனியே வில் அமைத்து, கல்லும் வேருமாய்க் கிடக்கும் மலைப்பாதையில் இறங்குவதற்கென்றே செய்யப்பட்ட சைக்கிள் அது. ‘ஃபுல் சஸ்பென்ஷன்’ என்று அதை அழைப்பர். அதன் பின்புறத்தில் ஒரு சிறிய சிவப்புத் திருகு உண்டு. நான் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு பாடம் முழுவதும் அத்திருகுக்குள் அடங்கியிருந்தது. அது தெரியாமல் அதை நான் திருகினேன். அதனால் ஒருவர் விழுந்தார். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் தந்தையார் மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி செல்லும் வழியில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். முன்பெல்லாம் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதிய வாடகைச் சைக்கிள்கள் எட்டு கடை வாசலில் நிற்குமாம். நான் பார்த்தபோது இரண்டுதான் மிஞ்சியிருந்தன, இப்போது ஒன்றுமில்லை. ஓவராயில், பங்க்ச்சர், ரிம் கோட்டம் எடுப்பது இவைதான் வருமானம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவையிலிருந்து சிலர் விலையுயர்ந்த சைக்கிள்களை வேனில் ஏற்றிக் கோத்தகிரிக்குக் கொண்டுபோய், எஸ்டேட் பாதைகளிலும் சாலையிலும் இறங்கி எங்கள் கடையைக் கடந்து செல்வார்கள். பங்க்ச்சர் ஆனால் மட்டும் நிற்பார்கள்.

இச்சைக்கிள் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளுக்கு அதிர்வைப் பெரிதும் குறைத்தது காற்று டயர்தான். 1888-இல் டன்லப் என்பார் பெல்பாஸ்ட் நகரில் அதைச் செய்தார். அதன்பின் நூறாண்டுக் காலம் பெரும்பாலான சைக்கிள்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் மாவட்டத்து இளைஞர்கள் பழைய பருத்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைப்பாதையில் ஓட்டத் தொடங்கினர். 1976-இல் அங்கு தொடங்கிய ஒரு பந்தயத்திற்கு ‘ரீபேக்’ என்று பெயர். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் அந்தச் சைக்கிள்களில் இருந்தது. ஒருமுறை இறங்கினாலே ஹப் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் எரிந்து புகைந்துவிடும். திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர் அது. இதை நான் சொன்னபோது என் தந்தையார் வாய்விட்டுச் சிரித்தார். உலகத்தின் அந்தக் கோடியிலும் ஹப்பைக் கழற்றிக் கிரீஸ் வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான் என்பது அவருக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது போலும். 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இவ்வேலைக்கென்றே தனிச் சட்டம் செய்தார். 1989-இல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்று, முன் ஃபோர்க்கில் காற்றும் எண்ணெயும் கொண்ட வில்லமைப்பு சந்தைக்கு வந்தது. பின் சக்கரத்திற்கும் வில் வைப்பது 1990-களில் பரவியது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயம் சேர்க்கப்பட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். 2024 டிசம்பர், செமஸ்டர் விடுமுறை. ஒரு ஞாயிறு காலையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் டயர் பங்க்ச்சர். பின் ஷாக்கிலும் காற்று இறங்கியிருந்தது. கையளவே உள்ள ஒரு பம்பை என்னிடம் நீட்டி, “ஷாக்குக்குக் கொஞ்சம் காத்து மட்டும் பாத்து வையுங்க தம்பி, டிபன் சாப்பிட்டு வந்துடறேன்” என்று சொல்லிப் போனார். தந்தையார் பங்க்ச்சரை ஒட்டி முடித்துவிட்டு, “நமக்குத் தெரியாததத் தொட வேண்டாம் கண்ணு, வந்தா அவரே அடிச்சுக்கட்டும்” என்றார். “காத்து அடிக்கறதுதானுங்கப்பா, நான் பாத்துக்கறேன்” என்றேன் நான். படிப்பவன் என்ற செருக்கு எனக்கு இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஷாக் அமுங்கவே கூடாது என்பது என் எண்ணம். முள் 240 பவுண்டைக் காட்டும் வரை அடித்தேன். (சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு என்பதையே கடைகளில் ‘பவுண்டு’ என்கிறோம்.) பிறகு அந்தச் சிவப்புத் திருகு கண்ணில் பட்டது. ஒரு பக்கம் முயல் படம், மறுபக்கம் ஆமைப் படம். ஆமையை விட முயல் மேல் அல்லவா? முயலின் பக்கம் முடிந்த மட்டும் திருப்பி வைத்தேன். அவர் வந்தார், பணம் கொடுத்தார், வேனில் ஏறிக் கோத்தகிரிக்குப் போனார்.

மாலை நான்கு மணிக்கு அவர் திரும்பி வந்தபோது முழங்கையில் கைக்குட்டை கட்டியிருந்தது, இரத்தம் ஊறியிருந்தது. மழையில் அரித்துப்போன ஒரு வளைவில் பின் சக்கரம் அவரைத் தூக்கி முன்னால் எறிந்திருக்கிறது. “யாருங்க இந்தத் திருகத் திருப்புனது?” என்று கேட்டார். “நாந்தானுங்க” என்றார் என் தந்தையார். நான் உள்ளே பங்க்ச்சர் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.

அன்றிரவு தந்தையார் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் என் முதலாண்டுக் குறிப்பேட்டை எடுத்துத் ‘தடையுறு அலைவுகள்’ என்ற பாடத்தைப் பார்த்தேன். வகைக்கெழுச் சமன்பாடு, மூன்று வகைத் தீர்வுகள், வரைபடம் எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. அந்த மூன்று வரைபடங்களே முயலும் ஆமையும் என்பதை அப்போதுதான் கண்டேன்.

வில் என்ன செய்கிறது? அது ஆற்றலை வாங்கி வைத்துக்கொள்கிறது, பிறகு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. விழுங்குவதில்லை. இரும்புச் சுருள்வில் என்றால் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதிப்படி, இரண்டு மடங்கு அமுக்க இரண்டு மடங்கு விசை வேண்டும். இன்றைய மலைச் சைக்கிள்களில் பெரும்பாலும் சுருள்வில்லுக்குப் பதில் ஓர் உருளைக்குள் அடைத்த காற்றே வில்லாக இருக்கிறது. இங்கே ஹூக் போதாது, பாயிலை அழைக்க வேண்டும். கொள்ளளவு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும். ஆகவே காற்று வில் தொடக்கத்தில் இளகியும், முடிவை நெருங்க நெருங்கக் கடுமையாகவும் இருக்கும். இது ஒரு பெரும் வசதி. சிறு கல்லுக்கு மெதுவாக அமுங்கும். பெரிய பள்ளத்தில் விழுந்தாலும் அடி தட்டாமல் தாங்கும். அடி தட்டினால் உருளைக்குள் ஒரு பிளாஸ்டிக் வில்லையைப் போட்டுக் கொள்ளளவைக் குறைப்பார்கள். காற்றைக் கூட்டாமலேயே கடைசிப் பகுதி மட்டும் கடுமையாகிவிடும். பாயில் விதியை இவ்வளவு அழகாக நம் ஆய்வகக் கருவிகூடக் காட்டியதில்லை.

வில் மட்டும் இருந்தால் ஒரு கல்லில் ஏறி இறங்கிய சைக்கிள் ஊஞ்சலைப் போல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆற்றலை எங்கேனும் தொலைக்க வேண்டும். அதற்குத்தான் தடை. ஷாக்கினுள் எண்ணெய் நிறைந்த ஓர் அறையில், சிறு துளைகள் கொண்ட பிஸ்டன் நகர்கிறது. எண்ணெய் அத்துளைகள் வழியே பிதுங்கிச் செல்லும்போது ஆற்றல் வெப்பமாகிறது. ஒரு நீண்ட இறக்கத்திற்குப் பின் ஷாக்கின் மேல் கை வைத்துப் பார்த்தால் சூடாக இருக்கும். அமுங்கும்போது ஒரு தடை, திரும்பி எழும்போது ஒரு தடை என்று இரண்டு உண்டு. சிவப்புத் திருகு இந்த எழும் தடைக்கு உரியது, ‘ரீபவுண்ட்’ என்பர். முயல் பக்கம் என்றால் துளை அகலம், தடை குறைவு, வில் வேகமாக எழும். ஆமைப் பக்கம் என்றால் தடை மிகுதி.

நான் செய்தது என்ன என்பது இப்போது தெளிவாகியிருக்கும். 240 பவுண்டு அடித்து வில்லின் கடுமையைக் கூட்டினேன். கடுமை கூடினால் எழும் வேகமும் கூடும். அதற்கேற்பத் தடையைக் கூட்டியிருக்க வேண்டும். நானோ தடையை முழுவதுமாகத் திறந்துவிட்டேன். பள்ளத்தில் அமுங்கிய பின் வில், வாங்கிய ஆற்றல் அனைத்தையும் ஒரே உதையாக ஓட்டுபவரின் இருக்கைக்குக் கீழே திருப்பிக் கொடுத்துவிட்டது. “கன்னுக்குட்டி பின்னங்கால்ல ஒதைக்கற மாதிரி” என்று என் தந்தையார் பிற்பாடு சொன்ன உவமையை விடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் ஆமைப் பக்கமே முழுவதும் திருப்பிவிடலாமா? அதுவும் தவறு. வரிசையாகக் கற்கள் கிடக்கும் பாதையில், முதல் கல்லில் அமுங்கிய சக்கரம் எழுவதற்குள் இரண்டாம் கல் வந்துவிடும்; அதற்குள் மூன்றாவது. ஒவ்வொரு கல்லுக்கும் சிறிது சிறிதாகத் தாழ்ந்து, கடைசியில் வில்லே இல்லாத சைக்கிளாகிவிடும். எருமை சேற்றிலிருந்து காலை எடுப்பது போல. எனவே ஒருமுறை எழுந்து, மீண்டும் துள்ளாமல் நிற்க வேண்டும். பாடத்தில் மாறுநிலைத் தடை என்று படித்தோமே, அதற்குச் சற்றுக் கீழே. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. உட்கார்ந்தபடியே நடைமேடைத் திண்டிலிருந்து மெதுவாக இறங்குங்கள். பின்புறம் அமுங்கி, எழுந்து, நின்றுவிட்டால் சரி. இரண்டாம் முறை துள்ளினால் ஆமைப் பக்கம் ஒரு சொடுக்கு. சோம்பலாக எழுந்தால் முயல் பக்கம் ஒரு சொடுக்கு. திருகு திரும்பும்போது ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும். கடைசி வரை ஆமைப் பக்கம் மூடி, அங்கிருந்து எத்தனை ஒலி திறந்தோம் என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த முறை எங்கே நின்றோம் என்பது தெரியாது.

ஆனால் திருகைத் தொடுமுன் காற்றைச் சரிசெய்ய வேண்டும். இதற்கு அளவுகோல் ஓட்டுபவரின் எடை. அவர் ஏறி உட்கார்ந்தால் வில் ஒரு குறிப்பிட்ட ஆழம் தாழ வேண்டும்; ‘ஸாக்’ என்பது ஆங்கிலப் பெயர். தந்தையார் ‘உக்கார்ற அளவு’ என்கிறார். நான் நினைத்தது போல அமுங்காமலே இருப்பது நல்ல வில் அன்று. சக்கரம் மேட்டில் ஏறுவது போலவே பள்ளத்தில் இறங்கவும் வேண்டும் அல்லவா? தாழ்ந்து நிற்கும் வில்தான் பள்ளம் வரும்போது நீண்டு, டயரைத் தரையோடு ஒட்டி வைத்திருக்கும். டயர் தரையில் இருந்தால்தான் பிரேக் பிடிக்கும், வளைவில் திரும்பும்.

பின் ஷாக்கில் அதன் முழு நகர்ச்சியில் நூற்றுக்கு 25 முதல் 30, முன் ஃபோர்க்கில் 15 முதல் 20 என்பது பொதுவாகத் தொடங்கத்தக்க அளவு. அவருடைய சைக்கிளில் பின் ஷாக்கின் தண்டு 50 மில்லிமீட்டர் நகரும். எனவே 15 மில்லிமீட்டர் தாழ வேண்டும். ஃபோர்க்கின் நகர்ச்சி 140, எனவே 28. தண்டின் மேல் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். ஓட்டுபவர் பை, தண்ணீர், தலைக்கவசம் உட்பட எல்லாவற்றோடும் ஏறி, சுவரில் கை ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். வேறொருவர் வளையத்தை மேலே தள்ளி வைக்க, அவர் துள்ளாமல் இறங்க வேண்டும். வளையம் நகர்ந்த தொலைவை ஸ்கேலால் அளந்தால் முடிந்தது.

முதலில் எவ்வளவு காற்று அடித்துத் தொடங்குவது என்றால், பின் ஷாக்கிற்கு ஓட்டுபவரின் எடை எத்தனை ராத்தலோ அத்தனை பவுண்டு என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அவர் எடை 70 கிலோ, அதாவது ஏறத்தாழ 154 ராத்தல். 155-இல் தொடங்கினோம், 17 மில்லிமீட்டர் தாழ்ந்தது. 165-இல் 15 வந்தது. முன் ஃபோர்க்கிற்கு 72 பவுண்டே போதுமானதாயிற்று. ஒரே ஆளைத் தாங்கும் இரண்டு வில்களுக்குள் ஏன் இவ்வளவு வேறுபாடு என்று நான் வியந்தேன். விடை நெம்புகோலில் இருக்கிறது. பின் சக்கரம் 130 மில்லிமீட்டர் மேலெழும்போது ஷாக் 50 மட்டுமே நகர்கிறது. ஆகவே சக்கரத்தில் விழும் சுமையைப் போல் சராசரியாக 2.6 மடங்கு விசை ஷாக்கின் மேல் விழுகிறது. முன் ஃபோர்க்கில் இடையே நெம்புகோல் ஏதுமில்லை.

காற்றடிப்பதிலும் இரண்டு பொறிகள் உண்டு. இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன். பம்பை மாட்டியதும் முள் முன்பு அடித்ததை விடக் குறைவாகக் காட்டும். காற்று ஒழுகியதாக எண்ணிப் பதறக்கூடாது. ஷாக்கிலிருந்த காற்று பம்பின் குழாயை நிரப்பிக்கொண்டதே காரணம். ஷாக்கின் கொள்ளளவு அவ்வளவு சிறிது. கழற்றும்போது கேட்கும் ‘புஸ்’ என்ற ஒலியும் பெரும்பாலும் குழாய்க் காற்றுதான். இரண்டாவது, காற்றை ஏற்றியபின் ஷாக்கைப் பத்து முறை மெதுவாக அமுக்கி விட வேண்டும். பிஸ்டனின் மறுபுறம் ஒரு சிறு எதிர்க் காற்றறை இருக்கிறது. அதற்கும் காற்று போய்ச் சமமான பிறகு மறுபடி அளந்தால்தான் உண்மை அளவு தெரியும். கடைக் கம்ப்ரஸரால் இவ்வேலைக்கு முயல வேண்டாம். அது சில நொடிகளில் அளவு தப்பி ஏற்றிவிடும், அல்லது வேண்டிய அளவை எட்டவே எட்டாது.

இவற்றையெல்லாம் நான் கற்றது 2025 ஜனவரியில்தான். ஷாக் தயாரிப்பாளரின் கையேட்டை இறக்கி, அகராதியை வைத்துக்கொண்டு பத்து நாட்கள் படித்தேன். மாத இறுதியில் அவர் மறுபடியும் வந்தார். வேறு கடைக்குப் போயிருக்கலாம். பங்க்ச்சர் ஒட்டியது நன்றாக இருந்தது என்று எங்களிடமே வந்தார். ஷாக்கில் காற்று மெல்ல ஒழுகுகிறது, ரப்பர் சீல் மாற்ற வேண்டும், செயினும் தேய்ந்துவிட்டது என்றார். நான் தந்தையாருக்கு முன்னாலேயே, “அன்னிக்கு அந்தத் திருகத் திருப்புனது நாந்தானுங்க” என்று சொல்லிவிட்டேன். அவர் வியப்படையவில்லை. “தெரியுமுங்க தம்பி, பம்ப்ப உங்க கையிலதான குடுத்துட்டுப் போனேன்” என்றார். தந்தையார் ஸ்டூலை நகர்த்திப் போட்டு அவரை உட்காரச் சொன்னார்.

சீல் மாற்றுவதில் மிக முக்கியமானது ஒன்றே. உறையைத் திருகிக் கழற்றுமுன் காற்று முழுவதையும் இறக்கிவிட வேண்டும். குக்கர் மூடியை ஆவி இறங்காமல் திறப்பவர் யாருமில்லை; இங்கோ அழுத்தம் குக்கரினதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். மெதுவாக இறக்க வேண்டும், இறக்கும்போது ஷாக்கை அமுக்கி அமுக்கி விட வேண்டும். இல்லாவிட்டால் எதிர் அறையில் காற்று தங்கிவிடும். காற்று இறக்கியபின் ஷாக் தானே உள்ளிழுத்துக்கொண்டு நீள மறுத்தால், அங்கே காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். அதைக் கையால் திறக்க முற்படவே கூடாது. தக்க பணிமனைக்கு அனுப்பிவிட வேண்டும். நல்ல வேளையாக எங்களுக்கு அப்படி நேரவில்லை. உறையைக் கழற்றி, பழைய சீலைப் பிளாஸ்டிக் குச்சியால் எடுத்து (திருப்புளியால் எடுத்தால் கீறல் விழும், கீறல் வழியே காற்று ஒழுகும்), துடைத்து, ஷாக்கிற்கென்றே உள்ள கிரீஸைத் தடவிப் புதிய சீலை வைத்தோம். எண்ணெய் அறையை நாங்கள் தொடவில்லை. அதற்குள் நைட்ரஜன் அடைத்திருக்கிறார்கள். அதற்குத் தனிக் கருவிகள் வேண்டும். காற்றுப் பகுதிக்கும் ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்கும் ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்திற்கு ஒருமுறை இப்படிச் செய்யச் சில தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஓட்டம் முடிந்தவுடன் தண்டுகளை மெல்லிய துணியால் துடைப்பவர்களுக்குச் சீல் நீண்ட நாள் உழைக்கும்.

செயின் மாற்றும்போதுதான் என் கையேட்டுப் படிப்பு என்னைக் கைவிட்டது. தேய்மானம் பார்ப்பது எனக்குத் தெரியும். செயினின் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம்; ஆகவே 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அது 12 அங்குலத்திற்கு மேல் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் விலை மிகுந்த பின் பற்சக்கரங்களையும் தின்றுவிடும். புதுச் செயினைச் சக்கரங்களின் மேல் போட்டு, சாதாரண கியர் சைக்கிளுக்குப் போல் அளந்து, வெட்டப் போனேன். தந்தையார் சீட்டின் மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். “கண்ணு, இங்க பாரு. அமுக்குனா பின்சக்கரம் பின்னால போகுது. தூரம் கூடுதே” என்றார். குனிந்து பார்த்தேன். ஆம், ஷாக் அமுங்கும்போது கிராங்கிற்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தொலைவு கூடுகிறது. நான் அளந்தபடி வெட்டியிருந்தால், பெரிய பள்ளத்தில் ஷாக் முழுவதும் அமுங்கும்போது செயின் விறைத்து, கியர் மாற்றியைப் பிய்த்தெறிந்திருக்கும். ஷாக்கின் காற்றை இறக்கி, முழுவதும் அமுக்கிப் பிடித்து, பெரிய பற்சக்கரங்களின் மேல் செயினைச் சுற்றி அளப்பதே முறை. கையேட்டின் வேறொரு பக்கத்தில் அது எழுதியிருந்ததைப் பிறகு கண்டேன். அவர் கையேடு படிக்கவில்லை, அமுக்கிப் பார்த்தார்.

பின்புறக் கைகள் அசையும் மூட்டுகளில் மூடிய பேரிங்குகள் இருக்கின்றன. நம் பழைய ஹப்பில் போல் பால்ரஸ் குண்டுகளைக் கொட்டிக் கழுவி அடுக்க முடியாது. தேய்ந்தால் முழுவதையும் மாற்ற வேண்டும். சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கும்போது ‘டக்’ என்று ஓர் அசைவு தெரிந்தால், ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்து எங்கே ஆடுகிறது என்று பார்க்கலாம். மரைகளின் அருகிலேயே எவ்வளவு முறுக்கு என்று நியூட்டன் மீட்டரில் அச்சிட்டிருப்பார்கள். அலுமினியச் சட்டத்தில் கைப்பலத்தைக் காட்டினால் மரை உரிந்துவிடும். வாட்டர் சர்வீஸில் பீச்சியடிக்கும் தண்ணீர் இம்மூட்டுகளுக்கும் சீல்களுக்கும் பகை. வாளித் தண்ணீரும் துணியும் போதும். டிஸ்க் பிரேக்கின் அருகே எண்ணெயோ மண்ணெண்ணெயோ கொண்டுபோகக் கூடாது. ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் கட்டைகள் அதை உறிஞ்சிக்கொண்டு வழுக்கும்.

இறுதியாக ஒன்று. இது நடைமுறைக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் இயற்பியல் மாணவர்கள் விரும்புவார்கள் என்று எழுதுகிறேன். கோத்தகிரி கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,800 மீட்டர். மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றே தாண்டும். மேலே காலை 15 பாகை செல்சியசில் ஃபோர்க்கில் 72 பவுண்டு அடித்து, கீழே 30 பாகை வெயிலில் பார்த்தால் எவ்வளவு இருக்கும்? வெப்பத்தால் மட்டும் 4 பவுண்டுக்கு மேல் கூடும். ஆனால் கீழே வந்ததால் வெளிக்காற்றின் அழுத்தமும் 2 பவுண்டுக்கு மேல் கூடிவிட்டது. முள் வெளிக்காற்றை விட எவ்வளவு மிகுதி என்பதைத்தான் காட்டும். ஒன்று கூட்ட, மற்றது கழிக்க, நிகரமாக 2 பவுண்டு கூடுகிறது. பின் ஷாக்கின் 165-க்கோ 7 பவுண்டு கூடும். ஏன் பின்னால் மட்டும் மிகுதி என்பதை நண்பர்கள் தாங்களே கணக்கிட்டுக்கொள்க. ஏப்ரல் மாதம் அவரிடமிருந்து அளவு வாங்கிச் சரிபார்த்தேன், 6 கூடியிருந்தது. அவர் பம்பின் முள் அவ்வளவு நுட்பமானதன்று.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தகைய சைக்கிள்கள் இரண்டு, மூன்று எங்கள் கடைக்கு வருகின்றன. கல்லூரி நாட்களில் நான் கடையில் இருப்பதில்லை. ஆகவே யார் சைக்கிளுக்கு எவ்வளவு என்று கடைச் சுவரில், பழைய வாடகைக் கணக்கு எழுதிய இடத்தின் கீழே, தந்தையார் சாக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறார். முதல் வரியில் அவருடைய கையெழுத்தில், ‘கோவை சார் — பின் 165, முன் 72, சிவப்பு ஆமையிலிருந்து 6’ என்றிருக்கிறது.